தோட்டத்தில் தேன் கட்டிய வீட்டாருக்கு

கள்ளக்குறிச்சியிலும், சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயப்பாளையம் சுற்றுவட்டத்திலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கையோ எலுமிச்சையோ வைத்து வாழும் அண்ணன்மார்களே, அக்காமார்களே,

மாசி பிறந்து பனி விலகியதும் மாவும் புங்கனும் வேம்பும் அடுத்தடுத்துப் பூக்கின்றன. இந்தப் பருவத்தில்தான் உங்களில் யாராவது ஒருவர் வீட்டில் காலையில் அந்தக் குரல் கேட்கும்: “தோட்டத்துல தேன் கட்டியிருக்கு.” அடுத்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தீயணைப்புக்குப் போன் போடச் சொல்வார். ஒருவர் கொசு மருந்து டப்பாவைத் தூக்கி வருவார். எதிர்வீட்டுப் பையன் நீளமான கழியில் பழந்துணி சுற்றிக்கொண்டு மண்ணெண்ணெய் தேடுவான். இருட்டியதும் கொளுத்துவார்கள். கீழே விழுந்த அடையில் தேன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் கலைந்து போவார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பந்தம் கட்டுவதற்கு முன் வந்திருப்பது எந்த ஈ என்று பாருங்கள். நம் பக்கம் தானாக வந்து கூடு கட்டும் தேனீ நாலு வகை. அவற்றில் மூன்றோடு, பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரே வேலிக்குள் வாழலாம். நாலாவதோடு வாழ்வது கடினம். அதையும்கூடக் கொளுத்த வேண்டியதில்லை. பல வீடுகளில் நெருப்புக்குப் போவது, யாருக்கும் தொந்தரவு தராத அந்த மூன்றில் ஒன்று. என் மனம் ஆறாதது இதனால்தான்.

முதலில் கொம்புத்தேனீ. வீட்டுத் தோட்டங்களில் நம் கைக்கெட்டும் உயரத்தில் கட்டுவது இதுதான். மருதாணிப் புதர், எலுமிச்சை, கொய்யா, வேலி ஓரத்துக் கிளுவை, எது கிடைத்தாலும் சரி, ஒரு மெல்லிய கொம்பைப் பார்த்து அதில் ஒரே ஓர் அடை வைக்கும். பனையோலை விசிறியைக் கிளையில் செருகித் தொங்கவிட்டது போல இருக்கும். அகலம் ஒரு சாண், அவ்வளவுதான். எங்கள் எலுமிச்சையில் கட்டிய ஒரு கூட்டைக் கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக் கூட்டில் ஒத்துப் பாருங்கள்.

அடை முதலில் கண்ணில் படாது. ஈக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நாலு அடுக்குக்கு ஒட்டிக்கொண்டு அதை முழுசாக மூடியிருக்கும். அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் விலகும். உள்ளே வெளிர்மஞ்சள் அறைகளும் அவற்றில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களும் தெரியும். மறுபடி மூடிக்கொள்ளும். கொம்பைச் சுற்றி மேலே புடைத்திருக்கும் பகுதியில்தான் தேன் இருக்கிறது. கீழே தொங்குவதெல்லாம் குஞ்சு வளரும் அறை. கூட்டுக்கு இருபுறமும், அதே கொம்பில், விரலகலத்துக்குப் பளபளவென்று ஏதோ பூசியிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். செடிகளிலிருந்து கொண்டுவந்த பிசின் அது. எறும்பு அந்த இடத்தைத் தாண்ட முடியாது. பூச்சு காய்ந்துவிட்டால் புதுசாகக் கொண்டுவந்து தடவும்.

அந்தப் புடைப்பின் உச்சி தட்டையாக இருக்கும். பூ கண்டுவந்த ஈ அங்கே இறங்கி, உடம்பை ஆட்டியபடி ஒரு திசையில் நேராக ஓடும். திரும்பி வந்து மறுபடி அதே திசையில் ஓடும். அந்தத் திசையில்தான் பூ இருக்கிறது. பொந்துக்குள் வாழும் தேனீயும் ஆடத்தான் செய்கிறது. ஆனால் இருட்டில், செங்குத்தான அடைமேல் ஆடுவதால், சூரியன் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால்தான் அதன் திசை நமக்குப் புரியும். கொம்புத்தேனீ நேராகவே காட்டிவிடுகிறது. 1950களில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் நம் பக்கத்துத் தேனீக்களின் ஆட்டத்தை ஆராய இலங்கைக்கு வந்தார். உங்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. நாற்காலியை எடுத்துப்போட்டு ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்தால் போதும். ஆட்டம் காட்டும் பக்கம் எழுந்து நடந்தால் அடுத்த தெரு முருங்கை பூத்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

கொட்டாதா என்று கேட்பீர்கள். கொம்பைப் பிடித்து உலுக்கினால் கொட்டும். குழாயால் தண்ணீர் பீய்ச்சினால் கொட்டும். அதன் பக்கத்திலேயே துணி காயப்போட்டு எடுத்தால் உங்களைத் திரும்பிப் பார்க்காது. வெள்ளைச் சட்டையில் மஞ்சளாகச் சில புள்ளிகள் விழும். அது அவற்றின் எச்சம். கொடியை மறுபக்கம் மாற்றிக் கட்டுங்கள். பூ குறைந்தாலோ நிழல் போனாலோ கூட்டைக் காலி செய்துவிட்டுப் புறப்பட்டுவிடும். பக்கத்திலேயே புதுக் கூடு கட்டினால் பழைய அடைக்கு வந்து மெழுகைச் சுரண்டி எடுத்துப்போகும். அதனால் காலி அடை என்று உடனே பிய்த்து எறியாதீர்கள்.

கொசுத்தேனீயைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மண்சுவர், மீட்டர் பெட்டி, மூங்கில் துளை எதிலாவது குடியிருக்கும். வாசலில் பிசினால் செய்த சின்னக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. வீட்டுக்குப் பூச்சு வேலை செய்ய வரும் கொத்தனாரிடம் அந்த ஓட்டையை மட்டும் அடைக்காமல் விடச் சொல்லுங்கள்.

மூன்றாவது அடுக்குத்தேனீ. மரப்பொந்து, கவிழ்த்த பானை, பரண் மூலை, இப்படி இருட்டான இடத்தில் அடுக்கடுக்காகப் பல அடை வைக்கும். பெட்டியில் வளர்க்கிற நம் நாட்டுத் தேனீ இதுதான். 1910களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் இதற்கென்று ஒரு பெட்டி வடிவமைத்து ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். உங்கள் வீட்டுப் பொந்தில் இது இருந்து, அதன் வாசல் நடமாட்டப் பாதையைப் பார்த்து இல்லையென்றால், அப்படியே இருக்கட்டும். சமையலறைச் சுவருக்குள் போய்விட்டது, இருக்க முடியாது என்றால், தேனீ வளர்ப்பவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். சாயங்காலம் வந்து புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, ராணியோடு பெட்டிக்குள் இறக்கிவிடுவார். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறது. நம் ஊர் இளைஞர்கள் போய்க் கற்றுவந்தால் நல்லது.

பெட்டி இருக்கும்போது காட்டுக்கூடு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1990களின் தொடக்கத்தில் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதி உட்பட, பெட்டித் தேனீக்களில் பெரும்பகுதியைக் கொன்றது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பையாகிச் செத்தன. அந்த நோயைத் தாண்டிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் நாட்டுத் தேனீ வளர்ப்பு திரும்பத் தலையெடுத்தது. இன்றும் பெட்டிக்காரர் முதல் கூட்டத்தைத் தேடிப் போவது ஏதாவது ஒரு பொந்துக்குத்தான். உங்கள் பரண் மூலையில் இருப்பது நாளைக்கு ஒரு ஊருக்கே விதைக்கூட்டமாகலாம்.

இனி மலைத்தேனீ. இதைப் பற்றி இனிப்பாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில், பள்ளிக்கூட அரசமரத்தில், கோயில் கோபுரத்தில், இப்போது மாடிவீட்டு சன்ஷேடின் கீழும் கட்டுகிறது. ஒரே அடைதான், ஆனால் மூன்று நாலு அடி அகலம். ஒரு கூட்டில் ஐம்பதாயிரம் ஈகூட இருக்கும். கலைந்தால் விரட்டி விரட்டிக் கொட்டும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அதை மறைத்துவிட்டு உங்களிடம் ஜீவகாருண்யம் பேசினால் அது துரோகம்.

ஆனால் சும்மா இருக்கும் கூடு தானாகக் கலைவதில்லை. கல்லெறி, அடியில் மூட்டிய குப்பை நெருப்பு, சாவு ஊர்வலத்தில் போட்ட வெடி, அடையைக் கொத்தவரும் தேன்பருந்து, இப்படி ஏதாவது ஒன்று கலைக்க வேண்டும். கூட்டைத் தூரத்திலிருந்து கவனியுங்கள். ஆபத்து நெருங்கினால் ஈக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கும். கூட்டின் மேல் ஓர் அலை ஓடும். அலை விடாமல் ஓடினால் கூடு பதற்றத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகக் கூடாது. அதன் பக்கத்து விளக்குகளை இரவில் அணைத்துவையுங்கள். இந்த ஈக்கு விளக்கைச் சுற்றும் பழக்கம் உண்டு. டியூப்லைட்டுக்குக் கீழே விழுந்து கிடப்பதை மிதித்துத்தான் பலர் கொட்டு வாங்குகிறார்கள்.

இன்னொன்று. கொத்தாக வந்து கிளையில் உட்கார்ந்த கூட்டமெல்லாம் அங்கேயே குடியேற வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். இடம் தேடிப் போகிற வழியில் இறங்கி இளைப்பாறும் கூட்டம் சில நாளில் கிளம்பிவிடும். காப்பாற்ற அடையும் குஞ்சும் இல்லாததால் அப்போது அதற்குச் சீற்றமும் குறைவு. அடை வைத்துவிட்டாலும் பூக்காலம் முடிந்ததும் மலைத்தேனீ இடம்பெயர்ந்து போய்விடும். ஆள் நடமாட்டம் இல்லாத உயரமான மரம் என்றால் அதுவரை பொறுங்கள். கொளுத்தினால் ஒழிந்துவிடும் என்பதும் தவறு. தப்பிய ஈக்கள் மறுநாள் வெறியோடு அதே இடத்தைச் சுற்றும். மெழுகு ஒட்டிய இடத்துக்கு அடுத்த பருவத்தில் இன்னொரு கூட்டம் வரும். கூட்டம் கிளம்பிய பிறகு மெழுகைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, சன்ஷேடின் அடியில் வலை கட்டிவிட்டால் பிரச்சினை குறையும்.

பனைமரத்தில் சாம்பலும் பழுப்புமாகக் காகிதம் ஒட்டிய உருண்டை தொங்கி, ஒரே ஓட்டை வழியாக ஈக்கள் போய்வந்தால் அது கதண்டு. தேனீயே கிடையாது. அதன் கொடுக்கு உடம்பில் அறுந்து நிற்காது, திரும்பத் திரும்பக் கொட்டும். அதற்கு 101-ஐக் கூப்பிடத்தான் வேண்டும். கதண்டுக்கும் தேனீக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதால், அதன் பழியும் தேனீ தலையில் விழுகிறது. கதண்டு தேனீக்கும் எதிரி. பொந்துக்குள் நுழைந்த கதண்டை அடுக்குத்தேனீக்கள் நூற்றுக்கணக்கில் சூழ்ந்து, உடம்பை அதிரவைத்து, ஏறக்குறைய 46 டிகிரிக்குச் சூடேற்றி அவித்தே கொன்றுவிடும்.

கொட்டு பட்டுவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் அறுந்து நிற்கும். கூடவே இருக்கும் பை விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். நகத்தால் உடனே வழித்துவிடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை ஒன்று கிளம்பும். மற்ற ஈக்களுக்கு அது அழைப்பு. அதனால் அங்கே நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள அறைக்குள் போய்விடுங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள். உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால், மூச்சு இரைத்தால், உடம்பெங்கும் தடித்துத் தலை சுற்றினால், ஒரே கொட்டாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும், சுண்ணாம்பு காக்காது. பல இடங்களில் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவது பிறகுதான் தெரியும். வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே கொட்டு ஒவ்வாமல் போயிருந்தால், கொம்புத்தேனீயானாலும் அந்தத் தோட்டத்தில் கூடு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பதிலுக்கு அவை என்ன தருகின்றன என்று அக்காமார்கள் கேட்பீர்கள். பூசணிக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைத் தூக்காது. பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஈ போதுமான தடவை வந்துபோகாவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். நாமோ உரம் பத்தவில்லை என்று பேசிக்கொள்வோம். வெள்ளரிக்கும் பாகலுக்கும் இதே கதைதான். கத்தரிக்கு மட்டும் தேனீயால் அதிகம் பயனில்லை. பூவைப் பிடித்து அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் கருவண்டுதான் அதற்கு வேண்டும். காய்ந்த கட்டையில் துளைபோட்டுக் குடியிருக்கும் அதையும் விரட்டாதீர்கள்.

தோட்டத்தில் விட்டுவைத்த கூட்டை வயலில் கொன்றுவிடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்காச்சோளத்துக்குத் தேனீ தேவையில்லை, காற்றே போதும். ஆனால் தேனீக்கு மக்காச்சோளம் வேண்டும். காலையில் கதிர்ப்பூவில் மகரந்தம் எடுக்க வரும். 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு இங்கேயும் வந்துசேர்ந்த அமெரிக்கன் படைப்புழுவுக்காக, சின்னசேலம் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் எமாமெக்டின் பென்சோயேட் அடிக்கிறோம். தேனீக்கு அது கடும் விஷம். பருத்திக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட்டைத் தேனீயை முன்னிட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. மருந்தே அடிக்காதீர்கள் என்று கடன் வாங்கி விதைத்தவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சாயங்காலம், ஈ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடியுங்கள். பூ விட்ட பிறகு தேவைக்கு மேல் அடிக்காதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் தேனீப் பெட்டி வைத்திருந்தால் முதல்நாளே சொல்லிவிடுங்கள். வெயில் காலத்தில் அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழாயடியில் ஈ மொய்ப்பது நின்றுவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. மலைத்தேனீயை என்ன செய்வது என்று நாம் கீழே தவித்துக்கொண்டிருக்கும்போது, தெரிந்தவர்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். கல்வராயன்மலையில் வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தேனெடுப்பு தலைமுறை வழக்கம். கடுக்காயும் சாமையும் தேனும் அவர்கள் மலையின் விளைச்சல். நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், பெண்ணையாற்றுக்குள் நிற்கும் பாறையில் உயிர் நீத்தார் என்று சொல்லப்படும் கபிலரும், பாரியின் பறம்பு உழாமலே தரும் விளைவுகளில் ஒன்றாகத் தேனைப் பாடியவர்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் பெயர் சொல்லியே சிறு வனப்பொருள் பட்டியலில் வைத்து, அவற்றின் மேல் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. நீலகிரியில் தேனெடுக்கும் பழங்குடிகளோடு கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை 1990களிலிருந்து வேலை செய்கிறது. குஞ்சுப் பகுதியை விட்டுவிட்டுத் தேன் பகுதியை மட்டும் அறுக்கும் முறையை அங்கே வலியுறுத்துகிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்ய முடியும்.

தொட்டியிலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கவே கூடாது என்கிற கூட்டை, இரவில் புகை போட்டு அடையை அறுத்து இறக்கி, ஈக்கள் பிழைத்து வேறிடம் போக விடுவது தெரிந்த கையால் முடியும். அதற்குக் கூலி பேசிக் கொடுக்க வேண்டும். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைத்த கதை மலைக் குடும்பங்களுக்கு மறந்திருக்காது. ஒரு பாட்டில் தேனைக் கையில் கொடுத்து அனுப்பும் வேலையாக இதை ஆக்கிவிடாதீர்கள்.

மே 1 கிராம சபையில் இதை எழுப்புங்கள். மலைத்தேன் கட்டினால் தகவல் சொல்ல ஊராட்சி அலுவலகத்தில் ஓர் எண், மலையிலிருந்து வரச் சம்மதிக்கும் தேனெடுப்பவர்கள் இரண்டு மூன்று பேரின் பெயர், ஒரு கூட்டுக்கு இவ்வளவு என்று கூலி, போக்குவரத்துச் செலவு, அவர்கள் வேலை செய்யும் இரவில் காவலுக்குத் தீயணைப்பு வண்டி. இந்த ஐந்தையும் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். சின்னசேலம் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி இந்த ஆண்டு செய்துகாட்டினாலும் போதும், அடுத்த மாசிக்குள் பக்கத்து ஊராட்சிகள் அந்த நகலைக் கேட்டு வரும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர், கச்சிராயப்பாளையம் பக்கத்திலிருந்து